நாலு பேர் உட்கார ஒரு சோபா

என் முழங்காலுக்காகத்தான் எங்கள் வீட்டில் சோபா வாங்கினோம். இதை இப்போது சொன்னால் வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காஞ்சிபுரத்து எலும்பு டாக்டர் என் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. அதில் சாய்ந்துகொண்டு, பெரிய பெரிய பேராசிரியர்களையே கொஞ்சம் பொறுங்கள் என்று நிற்க வைத்திருக்கிறேன். சாயங்காலம் பஸ் பிடித்து, உத்திரமேரூரில் இறங்கி, திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டினால் தரை. மாமனார் கூடத்தில் மர நாற்காலியில் இருப்பார். அவர் எதிரே நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. அந்த மனிதர் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதுகூடக் கிடையாது. ஆனால் உட்காரு என்றும் யாரும் சொன்னதில்லை. மாமியார் தரையில் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு தரை முழுக்க எனக்கே வந்து சேர்ந்தது.

டாக்டர் சொன்னதை என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், உடனே அப்பாவிடம் போய்ச் சொன்னார். மாமனார் உடனே தலையாட்டினார்.

"வாஸ்தவம்தான். நாலு பேரு வந்தா குந்தறதுக்கு வூட்ல ஒண்ணும் இல்ல. ஒரு சோபா வாங்கிடலாம்."

இப்படியாக என் முட்டி வலி, கண்ணெதிரிலேயே நாலு பேர் பிரச்சினையாக மாறியது. என் முட்டிகள் இரண்டுதான், வரப்போகிறவர்களோ நாலு பேர். குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பெரும்பான்மையை எதிர்த்துப் பேச முடியுமா? எப்படியோ சோபா வந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போனில் பாடம் எடுத்தாள். கவரைக் கழற்றித் துவைக்கிற மாதிரி சோபாதான் நம் ஊர்ப் புழுதிக்குச் சரி, கடையில் சிலிப் கவர் என்று கேள் என்றாள். முன்பக்கத்து ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலும் கூடவே எழும்ப வேண்டும், அப்போதுதான் சட்டம் உறுதி என்றாள். பஞ்சை அமுக்கினால் உடனே மேலே வர வேண்டும், துணி பிறகு சுருங்காதபடி முன்பே தண்ணீரில் நனைத்துச் சுருக்கம் எடுத்ததா என்று கேட்க வேண்டும், ஜிப் பின்பக்கமாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எனக்காக யாரும் இவ்வளவு விசாரித்ததில்லை.

காஞ்சிபுரத்துக் கடைக்கு மூன்று பேரும் போனோம். மாமனார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. விற்பனைப் பையன் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு, "இது சிலிப் கவர் சோபா சார்" என்று ஆரம்பித்தான். மாமனார் முகம் சுருங்கியது.

"சிலிப்பாவற சோபாவ இன்னாத்துக்குப்பா வாங்கணும்? பாத்ரூம்ல வழுக்கி வுழறது போதாதா?"

சிலிப் என்றால் வழுக்குவது இல்லை, கழற்றி மாட்டுவது என்று பையன் பொறுமையாக விளக்கினான். ஜிப்பைத் திறந்து, தலையணைக்கு உறை கழற்றுவதுபோல் கழற்றியும் காட்டினான். அப்படியானால் அதை உறை என்று சொல்ல வேண்டியதுதானே என்றார் மாமனார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் சோதனை நடந்தது. மாமனார் சோபாவைக் கவிழ்க்கச் சொன்னார். அடிப்பக்கத்து மரத்தை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நிமிர்த்தி வைத்ததும் என் கணவர் அதன் முன்காலைத் தூக்கிப் பார்த்தார், மறு காலும் எழும்பியது. நான் பஞ்சை அமுக்கினேன், துணியைக் கசக்கினேன், சுருக்கம் எடுத்ததா என்று கேட்டேன். சோபாவுக்கு இருந்த எல்லா உறுப்புகளையும் பார்த்துவிட்டோம்.

"உக்காந்து பாருங்க மேடம்" என்றான் பையன்.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? மாமனார் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார், பஸ்ஸில் வந்த அழுக்கு புதுத் துணியில் ஒட்டிவிடுமோ என்று அவருக்குக் கவலை. அப்பா உட்காராத இடத்தில் மகன் உட்காருவாரா? ஆக, மூன்று பேர் சேர்ந்து, ஒருவர்கூட உட்கார்ந்து பார்க்காமல் ஒரு சோபாவைத் தேர்ந்தெடுத்தோம். இப்படி வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம்தான் இருக்க முடியும்.

மிச்சமிருந்தது நிறம். எனக்கு ஒரு வெளிர்நீலத்தின் மேல் ஆசை. மாமனார் அழுக்கு தாங்குகிற கலராக எடுக்கச் சொன்னார். அழுக்கானால் துவைக்கத்தானே மாமா கழற்றுகிற கவர் என்றேன். "அழுக்கே தெரியலன்னா தோய்க்கற வேலையே இல்லயே" என்றார். துவைப்பதற்கென்றே தைத்த கவரை, துவைக்க அவசியமே வராத செம்மண் நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்தோம்.

குட்டி யானை வண்டியில் சோபா வந்து இறங்கியது. கூடத்தில் வைத்து, சூடம் காட்டி, மூலைக்கு மூலை குங்குமம் வைத்தார்கள். அதுவும் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளின் மேல். அந்தத் தாளைப் பிரிக்க நான் கை வைத்தபோது, கொஞ்ச நாள் இருக்கட்டும், தூசி படியாது என்றார் என் கணவர். பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்தால் வியர்க்கிறது என்று ஒரு சொந்தக்காரர் சொன்னதால் அதன் மேல் ஒரு போர்வை வந்தது. தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை பட்டுவிடக்கூடாது என்று போர்வை மேல் ஒரு துண்டு வந்தது. கவரைக் காப்பாற்றப் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கைக் காப்பாற்றப் போர்வை, போர்வையைக் காப்பாற்றத் துண்டு. இவ்வளவுக்கும் கீழே எங்கோ ஒரு சோபா இருந்தது.

நாலு பேர் வரவும் செய்தார்கள். ஆண்கள் நுனியில், பஸ் வந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்தார்கள். பெண்கள் வந்தார்கள், சோபா நன்றாக இருக்கிறது என்றார்கள், தரையில் உட்கார்ந்து அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள். நானும் அவர்களோடு முட்டி கடகடக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்தேன். மறுபடி டாக்டரிடம் போனபோது, சோபா வாங்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியும் ஏன் வீக்கம் குறையவில்லை என்று அவர் கேட்டார். என்ன சொல்வது? சோபா எங்கள் வீட்டில் இருக்கிறது, நான் அதில் இல்லை என்றா? எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அந்தச் சாக்கில் துண்டு, போர்வை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் உரித்து எறிந்தேன். மூடாமல் கிடந்த கவரில் அன்றே சுண்ணாம்பு தெறித்தது. செம்மண் நிறம் எந்த அழுக்கையும் தாங்கும், சுண்ணாம்பை மட்டும் தாங்காது. ஜிப்பைத் திறந்து கவரைக் கழற்றி, துவைத்து, மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தேன். கூடத்தில் சோபா வெள்ளைப் பஞ்சும் உள்துணியுமாக, உள்பாவாடையோடு நிற்கிற மாதிரி நின்றது. இந்தக் கோலத்தில் இதில் யாரை உட்காரச் சொல்ல முடியும்? நாலு பேருக்கும் இன்று இது ஆகாது. முட்டி வேறு விண்விண் என்று தெறித்தது. போய் உட்கார்ந்துவிட்டேன்.

கால் தரைக்கு எட்டவில்லை. அவ்வளவு சோதனை செய்தோமே, உயரத்தைப் பார்த்தோமா? பள்ளிக்கூடப் பிள்ளைபோல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தார். அறுப்பு நடக்கிற கழனியிலிருந்து வந்திருந்தார். வேட்டியெல்லாம் வைக்கோல் தூசி. நான் பதறி எழுந்தேன். எழ முயன்றேன் என்பதுதான் சரி, முட்டி ஒத்துழைக்கவில்லை. பாதியில் நின்று கையை ஊன்றிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு எழுந்துக்கற? குந்தும்மா."

இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் குடித்தனம் செய்துவிட்டு அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன். சொன்னவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுண்ணாம்பு நெடி என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தேன்.

அவர் தண்ணீர் குடித்தார். தன் மர நாற்காலியைத் தேடினார், அதன் மேல் வெள்ளையடிப்பவர்களின் வாளி இருந்தது. சோபாவைச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் வேட்டியை உதறிக்கொண்டு மறு கோடியில் உட்கார்ந்தார். அவருக்கும் கால் எட்டவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் கீது" என்றார். "கவர் போட்டிருந்தா, கழனி மண்ணு ஒட்டிக்கினு நாலு பேரு வரப்ப அசிங்கமா இருக்குமேன்னு நான் குந்தறதே இல்ல."

அவரும் உட்கார்ந்ததில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. அவர் எதிரே நான் உட்காராததை அவர் கவனித்திருந்தாரா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் காலை மேலே வைத்துக்கொண்டேன். மாடியில் கவர் காய்கிறவரை, அறுப்புக்கு வந்த மிஷின் பாதியில் நின்றுபோன கதையை அவர் சொன்னார், நான் கேட்டேன். சாயங்காலம் காய்ந்த கவரை எடுத்து வந்து மாட்டியதும் சோபா மறுபடி நாலு பேருடையதாகிவிட்டது. அவர் நாற்காலிக்குப் போனார், நான் அடுப்படிக்குப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது, மாமனார் சோபாவுக்குப் பின்னால் குனிந்து ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தார். கவரில் ஏதாவது கொட்டிவிட்டதா மாமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் கொட்டல" என்றார், நிமிராமல். "இருந்தாலும் தோச்சிப் போட்டுடும்மா."

கவரை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. தண்ணீரில் முக்கிப் பிழிந்து மாடியில் போட்டுவிட்டு வந்து, சோபாவில் என் கோடியில் காலை மடக்காமல் நீட்டி உட்கார்ந்தேன்.