விதி எழுத இடமில்லாத பெட்டி

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கேமராவும் நெட்வொர்க்கும் என் பொறுப்பு. யாரிடமும் படித்ததில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்ட தொழில். அங்கே ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்ததைத் தொடக்கூடாதென்று இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. கேமரா வயரெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில், அதன் படம் மேனேஜர் திரைக்குப் போகலாமென்று ரூமுக்கு ஒன்றாகத் தனித்தனி அனுமதி விதி எழுதிவைத்தேன்.

சீசன் உச்சத்தில் ஒரு புது ரூமுக்குக் கேமரா மாட்டினேன். படம் வரவில்லை. படம் தெரியாமல் எந்த ரூமிலும் வேலை தொடங்கக் கூடாதென்பது மேனேஜரின் கண்டிப்பு. சரம் பின்ன வந்த நான்கு பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னுகிற சரத்துக்குத்தான் அவர்களுக்குக் கூலி.

விதிக்கு இடமில்லை என்றது பெட்டி. அதன் நினைவகத்தை முகவரிக்கு இவ்வளவு, வழித்தடத்துக்கு இவ்வளவு, விதிக்கு இவ்வளவு என்று முன்பே பங்கு போட்டிருந்தது. எங்களுக்குத் தேவைப்படாத வழித்தடப் பங்கு சும்மா கிடந்தது. பங்கை மாற்றலாம், பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரும்.

"அஞ்சே நிமிசம் அண்ணாச்சி," என்று மேனேஜரிடம் கெஞ்சினேன்.

"அம்புட்டு ரூமு படமும் போயிருமா?"

"போயிரும்."

"அப்ப அம்புட்டு ரூமையும்லா நிறுத்தணும்? சோத்து நேரத்துல பாப்பம், போங்க."

காலி இடம் கண்ணெதிரே கிடந்தும் தொட முடியவில்லை. கீபோர்டைக் குத்திக் குத்தி விரல்தான் வலித்தது.

மரத்தடியிலிருந்து அந்தப் பெண்களில் மூத்தவர் கூப்பிட்டார்: "என்னய்யா, எங்க மூஞ்சியப் பாக்க ஒம் பொட்டிக்குப் பிடிக்கலியா?"

"விதி எழுத எடமில்லக்கா. ரூமுக்கு ஒண்ணு எழுதியே நெறஞ்சிருச்சு."

"அத்தனையையும் பாக்குறது ஒரே மேனேஜருதான? எதுக்குத் தனித்தனியா?"

"விடுங்க மதினி," என்றாள் பக்கத்திலிருந்தவள். "இந்த ரூமு படம் வெடிச்சா அந்த ரூமு படத்துல பத்திக்கிரும்னு பயந்திருப்பாரு!"

இப்படி ஒரு பேச்சு கிடைத்தால் நான்கு நாள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவன் நான். அன்று முகம் சுட்டது. ஓடிப்போய்ப் பழைய விதிகளில் இரண்டை அழித்து, அந்த இடத்தில் எல்லாக் கேமராவுக்கும் பொதுவாக ஒன்று எழுதினேன். எதையும் அணைக்கவில்லை. படம் வந்துவிட்டது. அதற்குள் மணி பன்னிரண்டு.

சாப்பாட்டு மணி அடித்ததும் மற்ற ரூம்கள் காலியாயின. அந்த நான்கு பேர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். படம் துல்லியமாகத் தெரிந்தது.