ஒரு முழுக் குட்டான்

எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு முடிந்து கை கழுவியதும் ஐயா ஒரு கேள்வி கேட்பார். இன்றைக்கு என்ன செய்து முடித்தாய்? பதில் வைத்திருந்தவருக்குத் தேநீரோடு ஒரு துண்டு பனங்கட்டி. பதில் இல்லாதவருக்கு வெறுந் தேநீர்.

பனங்கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரும். பனையோலையில் உள்ளங்கை அளவுக்குப் பின்னிய சின்னக் குட்டான்களில் பாகை ஊற்றி இறுக விட்டிருப்பார்கள். ஐயா ஒரு குட்டானை எடுத்து, ஓலையை உரித்து, பாக்குவெட்டியால் நறுக்குவார். ஒரு குட்டான் ஒரு கிழமைக்கு மேல் வரவேண்டும் என்பதால் துண்டு பாக்குச் சீவலைவிடப் பெரிதாக இராது. அதை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து ஒரு கோப்பைத் தேநீரையும் இனிப்பாகக் குடித்து முடிக்கும் வித்தை எனக்கு ஒன்பது வயதிலேயே கைவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பெரிதாக எதையும் கற்றேன் என்று சொல்லமாட்டேன்.

நாங்கள் வன்னிக்கு வந்து அப்போது மூன்று வருடம். யாழ்ப்பாணத்தில் ஐயா பிறருடைய தோட்டத்தில் புகையிலை நட்டவர். கிளிநொச்சிப் பக்கம் குளத்துக்குக் கீழே குடியேறுகிறவர்களுக்குக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். மூன்று ஏக்கர் வயலும் குடியிருக்க ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. கூடவே மரக்கட்டைகளும் பாம்பும் காய்ச்சலும் கிடைத்தன. முதல் வெள்ளாமையை வெள்ளம் கொண்டுபோனது. இரண்டாவதில் பாதியைப் பன்றிகள் தின்றன. எனக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். இரண்டாவது மாரியில் காய்ச்சலோடு போய்விட்டான். காணி மூலையில் நின்ற பாலை மரத்தடியில் அவனை வைத்தார்கள். காணியில் இருந்த மற்ற மரங்களையெல்லாம் தறித்த ஐயா அதை மட்டும் தறிக்கவில்லை.

அந்த மாரிக்குப் பிறகுதான் ஐயா இந்தக் கேள்வியைத் தொடங்கினார்.

கேள்விக்குச் சட்டங்கள் இருந்தன. வேலை அன்றைக்கே முடிந்திருக்கவேண்டும். நாளைக்கு வந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியவேண்டும். நெடுகச் செய்கிற வேலை சேராது. தண்ணீர் அள்ளினேன், முற்றம் கூட்டினேன் என்று யாரும் பனங்கட்டிக்குக் கை நீட்ட முடியாது. அக்கா கிழிந்த சாக்குகளைத் தைத்து நெல் காயப்போடும் படங்கு ஆக்கினாள். அது எடுபட்டது. நான் கோழிக்கூட்டுக்குக் கதவு கட்டினேன். அதுவும் எடுபட்டது. ஐயா வயலில் கிடந்த பெரிய முதிரைக் கட்டை ஒன்றோடு பத்து நாள் மல்லுக்கட்டினார். முழுக் கட்டையும் வெளியே வரும்வரை அவருக்குப் பதில் இல்லாமல் போயிருக்கும். ஆகையால் வடக்குப் பக்க வேர் அறுந்தது, கிழக்குப் பக்க வேர் அறுந்தது என்று வேர்வேராகச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். சட்டத்தைப் போட்டவருக்கு அந்த அளவு சலுகை உண்டுதானே.

அம்மாவிடம் முதலில் கேட்டபோது அவா சிரித்தா.

"சமைச்சன். வேறென்ன?"

"அது நெடுகச் செய்யிறதெல்லே" என்றார் ஐயா. பகிடியாகத்தான் சொன்னார். பிறகு ஒரு துண்டை நீட்டினார். அம்மா அதை வாங்கி, திரும்பக் குட்டானுக்குள்ளேயே போட்டா. சட்டமென்றால் எல்லாருக்கும் சட்டம்தானே என்றா. அதற்குப் பிறகும் சில நாள் ஐயா கேட்டுப் பார்த்தார். அம்மா ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவா. பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அம்மா வெறுந் தேநீர் குடிக்கிறவா என்பது வீட்டுக்கு ஒரு கூரை இருப்பதுபோல எங்களுக்குப் பழகிப்போனது.

நான் சொல்ல வந்த சம்பவம் சிறுபோகக் காலத்தில், ஆனி மாதத்தில் நடந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். கையில் மூன்று குட்டான் பனங்கட்டி. அன்று இரவே ஐயாவின் கேள்வி அவருக்கும் வந்தது. மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அத்தான், நான் இண்டைக்குக் கிளிநொச்சியிலை பஸ் மாறினனான். எனக்கும் ஒரு துண்டு தாருங்கோ."

ஐயா சிரிக்காமல் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். தான் கொண்டுவந்த பனங்கட்டியையே உழைத்து வாங்கவேண்டிய வீடு இது ஒன்றுதான் என்று மாமா அடுத்த நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் மாமா வந்தது பகிடி விட அல்ல. அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். ஒரு மாதத்துக்கு என்றார். அந்த ஒரு மாதத்துக்கு என்ன பொருள் என்பது குடியேற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வாய்க்கால் ஓரத்திலேயே நாலு கொட்டில்கள் ஆளில்லாமல் கிடந்தன. நாலும் ஒரு மாதம் என்று தொடங்கியவைதான். முதலில் மனுசி பிள்ளைகளோடு போவா. ஆண் கொஞ்சக் காலம் தானே சமைத்துத் தின்பான். பிறகு அவனும் போவான். செய்யாமல் விட்ட காணி வேறொருவன் பெயருக்கு மாறும்.

ஐயா மறுக்கவில்லை. "போறதெண்டால் போய் வரட்டும். நான் மறிக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பஸ் என்று முடிவானது. பஸ்ஸையும் யாழ்ப்பாணத்துப் பெரிய கடைகளையும் நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இதில் இழக்க எதுவும் இருக்கவில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. புதன்கிழமை ஐயா என்னைக் கீழ் வரம்புக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஒரு நண்டு வளை. நண்டு வரம்பைத் துளைத்துவிட்டால் வயலுக்குள் விடும் தண்ணீர் முழுவதும் அந்த வழியால் கழிவு வாய்க்காலுக்குப் போய்விடும். வளையைத் தோண்டி, களிமண் அடைத்து, குதிக்காலால் மிதித்து இறுக்கவேண்டும். நான் போகிற வழியில் பாலத்தடியில் பொடியன்கள் விரால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் வரை அங்கே நின்றேன். திரும்பும்போது ஒரு பிடி வைக்கோலை வளைக்குள் திணித்து ஒருதரம் மிதித்தேன். அன்று இரவு நண்டு வளை அடைத்தேன் என்று சொல்லி ஒரு துண்டு பனங்கட்டி வாங்கித் தின்றேன். அதுவும் மற்றத் துண்டுகளைப் போலவே இனித்தது.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை கிழமைக்கு ஒரு நாள். அந்தக் கிழமை அது வெள்ளிக்கிழமை. பயிர் கதிர் தள்ளுகிற பருவம். அன்று தண்ணீர் நிற்காவிட்டால் கதிர் பதராகிவிடும். ஐயா விடியமுன்னம் எழும்பி வயல் வாயைத் திறந்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் துப்புரவுக்குப் போய்விட்டார். துப்புரவு அடுத்த கிழமைதான் என்று அக்கா சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எட்டரை மணிக்கு நாங்கள் புறப்பட்டோம். மாமாவின் தலையில் றங்குப்பெட்டி. அம்மா தன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையை, நீலச் சேலையை, உடுத்தியிருந்தா. பஸ் வரும் றோட்டுக்குப் போக வரம்பால்தான் நடக்கவேண்டும். நான் முன்னால் ஓடினேன். கீழ் வரம்பை நெருங்கும்போதே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என் வைக்கோல் கழிவு வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்தது. வயலில் பாதி ஏற்கனவே சேறாகத் தெரிந்தது.

அம்மா நின்றா. வளையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"நீ புதன்கிழமை அடைச்சனெண்டு சொன்னது இதைத்தானோ?"

நான் மிதந்த வைக்கோலை எட்டிப் பிடிக்கப் போனேன்.

மாமா பெட்டியோடு பின்னால் நின்று, "பஸ் வரப்போகுதக்கா. ஓடுறது அத்தான்ரை தண்ணி. உனக்கென்ன இப்ப?" என்றார்.

"பெட்டியை இறக்கி வைச்சிட்டுப் போய் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு வா" என்றா அம்மா.

சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினா. மாமா பக்கத்து வயல்காரரிடம் மண்வெட்டி வாங்கிவந்தார். அம்மா வளையைப் பாதி வரம்பு வரை வெட்டித் திறந்தா. நான் களி அள்ளிக் கொடுத்தேன், அக்கா புல் பிடுங்கிக் கொடுத்தாள். புல்லும் களியுமாக அடைத்து, இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தா. நண்டு அகப்பட்டபோது அதைப் பிடித்து மாமாவின் வெள்ளை வேட்டிப் பக்கமாக எறிந்தா. மாமா துள்ளியபோது அம்மா சிரித்த சிரிப்பை நான் அந்த வருடத்தில் அன்றுதான் கேட்டேன். தண்ணீர் நிற்கவும் தூரத்தில் மரங்களுக்கு மேலே தூசி எழும்பவும் சரியாக இருந்தது. பஸ் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா வேலைக்கு உடுத்தும் சேலைக்கு மாறி, நீலச் சேலையைத் தோய்த்தா. குசினிக்குள் போய் அடுப்பு மூட்டினா. பின்னேரம் மூன்று மணிக்கு இன்னொரு பஸ் இருந்தது. அதில் மாமா தனியாகப் போனார். வாசல் படலையில் நின்று அவர் ஏதோ கேட்டார், அம்மா ஏதோ சொன்னா, எனக்குக் கேட்கவில்லை. நல்ல சேலை தோய்த்துப் போட்டுக் கிடக்கிறது, எதை உடுத்திக்கொண்டு போவது என்று சொல்லியிருப்பா என நினைத்தேன். என் பொய்யால் என் பஸ் பயணமும் போனது என்று எனக்கு என்மேலேயே கோபம்.

ஐயா பொழுதுபடும் நேரம் வந்தார். குசினிக் கூரையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. படலையில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து கிணற்றடியில் கால் கழுவினார். கால் கழுவ அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. விளக்கு எண்ணெய் மிச்சம் பிடிக்க நாங்கள் இருட்டமுன்னம் சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டோம்.

கை கழுவியதும் ஐயா புதுக் குட்டான் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அம்மாவின் சேலை காயப்போடக் கொடி கட்டியதாகச் சொன்னாள். அது எடுபட்டது. அடுத்தது நான். ஒன்றுமில்லை என்றேன். நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். ஐயா பாக்குவெட்டியை எடுத்தார்.

"எனக்கும் ஒண்டு இருக்கு" என்றா அம்மா, குசினி வாசலில் இருந்தபடி.

நண்டு வளையைத்தான் சொல்லப்போகிறா. சட்டப்படி அதைவிட நல்ல பதில் இல்லை. அன்றைக்கே முடிந்த வேலை, நாளைக்கும் கண்ணுக்குத் தெரியும். சொன்னால் என் புதன்கிழமைத் துண்டு வெளியே வரும்.

"சொல்லும்" என்றார் ஐயா.

"இண்டைக்கு நான் போகேல்லை."

எனக்கு உயிர் திரும்பியது. திரும்பியதும் நியாயம் பேசவும் வாய் வந்தது. அது செய்யாததுதானே, செய்ததை அல்லவா சொல்லவேண்டும் என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது முடிஞ்ச வேலையோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இண்டையான் பங்கு முடிஞ்சுது. நாளையான் பங்கு நாளைக்கு."

ஐயா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். எழும்பிப்போய், ஓலை உரிக்காத அந்த முழுக் குட்டானையும் அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா ஓலையை உரித்து, ஒரு மூலையைக் கடித்து, தேநீரை அவசரமில்லாமல் குடித்தா. அன்று கொடி கட்டிய அக்காவுக்குக்கூடத் துண்டு கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அதே நேரம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அம்மா அப்படி ஒரு சாட்டுச் சொன்னா என்று நினைத்து, அந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் சில இரவுகளில் அம்மா அதே பதிலைச் சொன்னா. ஐயா ஒருநாளும் அது நெடுகச் செய்கிற வேலை என்று சொல்லவில்லை.

அம்மா என்னைக் காப்பாற்றினா என்ற எண்ணத்தோடுதான் பல வருடம் திரிந்தேன். நான் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிற ஆள் அல்ல. பதினாறு வயதில் அந்தக் காணியை விட்டுப் புறப்பட்டவன். உப்பளம், லொறி, மரக்காலை, மீன்வாடி என்று எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. புறப்படுவது எனக்கு ஒருநாளும் வேலையாக இருந்ததில்லை. பல இடங்களில் என்னிடம் இருந்தது ஒரு சாரமும் ஒரு துவாயும்தான். சாரத்தைத் தோய்த்துப் பற்றையில் விரித்துவிட்டு, துவாயைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து, காய்ந்ததும் உடுத்திக்கொண்டு நடந்துவிடுவேன். அப்படி ஒரு ஆனி மாதத்தில் சோளகக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருக்க, றோட்டோரத்தில் குந்தியிருந்தபோதுதான் அம்மாவின் நீலச் சேலை ஞாபகத்துக்கு வந்தது. என் சாரம் காய ஒரு பீடி பற்றி முடிகிற நேரம்கூட ஆகவில்லை.

அம்மா சேலையைத் தோய்த்துப் போட்டது பத்து மணிக்கு. மாமாவின் பஸ் மூன்று மணிக்கு.