இரண்டு தட்டு

எனக்கு முதன்முதலில் வாக்கி டாக்கி கொடுத்த அன்று அதன் ஏரியலைப் பிடித்துத் தூக்கினேன். ஸ்டோரில் இருந்தவர், "எலி வாலப் புடிச்ச மாதிரி புடிக்கிற. ஒடஞ்சிரும்" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். மீதியைப் பெட்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்து நானே கற்றுக்கொண்டேன். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பன்னிரண்டாவது முடித்த முதல் ஆள், தீ பாதுகாப்பில் டிப்ளமா வாங்கிய முதல் ஆள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியது இதற்காகத்தான்.

வேலை எண்ணூர் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கில். காலியாக்கிய டாங்குக்குள் ஆட்கள் போய் அடியில் தங்கிய கசடைச் சுரண்டிக் கழுவுவார்கள். உள்ளே போக, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வட்டமான ஒரே வாசல். அதற்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே போனவர்கள் நலமா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுத் தாளில் குறிப்பது என் வேலை. ஹோல் வாட்ச் என்பார்கள். என்ன நடந்தாலும் நான் உள்ளே போகக் கூடாது. இடத்தை விட்டு நகரவும் கூடாது. ஒரு நாற்காலி, ஒரு விசில், ஒரு வாக்கி.

வாசலில் இருந்து பார்த்தால் பத்தடி தெரியும். அதற்கு அப்பால் தூண்களுக்கு நடுவே ஒரு விளக்கு அசைவது மட்டும்தான். அதனால் வாக்கியை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. வாயு உள்ள இடத்துக்கென்றே செய்த செட்தானா என்று முத்திரையைப் பார்ப்பேன். டாங்க் அருகில் பேட்டரியைக் கழற்ற யாரையும் விடமாட்டேன். ஒரு பொறி போதும். பொத்தானை அழுத்தியதும் பேசாமல் ஒரு மூச்சு பொறுப்பேன், இல்லையென்றால் முதல் வார்த்தை அறுந்துவிடும். வாயிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடித்து, கூப்பிடும் ஆளை முதலில் சொல்லி, என்னை அடுத்துச் சொல்லி, முடித்ததும் விரலை எடுப்பேன். விரல் பொத்தானில் இருக்கும்வரை நமக்கு எதுவும் கேட்காது.

"உள்ளே, வாசல் பேசறேன். நல்லா இருக்கீங்களா? ஓவர்."

"நல்லா கீறோம் டீச்சரு. வூட்ல இன்னா கொழம்பு? ஓவர்."

இப்படிப் பதில் சொல்பவர் ஒருவர்தான். நாற்பது வயதிருக்கும், திருவொற்றியூர்க்காரர். பாதி வாழ்க்கையை டாங்குகளுக்குள் கழித்தவர். எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

கையேட்டில் இல்லாத ஒரு வழக்கம் அங்கே இருந்தது. கையில் மண்வெட்டி, முகத்தில் காற்றுக்குழாய் மாட்டிய முகமூடி. பேசுவதற்குப் பதிலாகப் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடுவார்கள். என் செட்டில் டக், டக் என்று கேட்கும். இரண்டு தட்டு என்றால் நலம். முதல் வாரம் அதை நான் ஏற்கவில்லை.

"மாஸ்க்க போட்டுகினு பேசினா கொழகொழன்னு கேக்குது டீச்சரு" என்றார் அவர். "ரெண்டு தட்டு தட்றேன். அத்த வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். அன்று எல்லாரும் என்னைச் சேர்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாள் மழை விட்டு, காற்றே இல்லாமல் இருந்தது. கழிமுகப் பக்கமிருந்து வரும் வாடைகூட எங்கோ நின்றுவிட்டது. உள்ளே திருவொற்றியூர்க்காரரும் இன்னோர் ஆளும். என் முதுகுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கசடை உறிஞ்சும் பம்பை ஓட்டியவர் திருவொற்றியூர்க்காரருடைய சின்ன வயது சிநேகிதர். இருவரும் ஒரே தெரு. பம்புக்காரரிடமும் ஒரு வாக்கி, எங்கள் சேனலிலேயே.

பதினோரு மணிக்கு மேல், கூடப் போன ஆள் முகமூடிப் பட்டை அறுந்து வெளியே வந்தார். உள்ளே யாரும் தனியாக இருக்கக் கூடாது.

"உள்ளே, வாசல் பேசறேன். தனியா இருக்க வேணாம். வெளிய வாங்க."

டக், டக்.

"வந்துகினு கீறாரு" என்றார் வெளியே வந்தவர், பட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டே.

இதை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை: அந்தத் தட்டு வேறு மாதிரி இருந்தது. அவர் தட்டினால் நடுவில் இடைவெளி இருக்கும், சோம்பலாக. இது வேகமாக இருந்தது. முதல் தடவையே எனக்குப் பட்டது. பட்டும், தாளில் டிக் போட்டேன்.

நடந்து வர இரண்டு நிமிடம் போதும். மூன்று ஆனது. விளக்கு தெரிந்தது, அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி இரண்டு தட்டு, அதே வேகத்தில்.

"தட்ட வேணாம். வாயால சொல்லுங்க."

பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, வாயால ஒரு வார்த்தை."

எதுவும் வரவில்லை. அவசரம் என்று சேனலில் சொன்னேன். உடனே ஆளாளுக்குப் பொத்தானை அழுத்தி "இன்னாச்சு, இன்னாச்சு" என்று கேட்க, செட் வெறுமனே இரைந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை, என் குரல் போகவும் வழியில்லை. விசிலை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதினேன். சேனல் அடங்கியது. அந்த இடைவெளியில் சொன்னேன்: "எல்லாரும் விரலை எடுங்க. டாங்க்ல ஒரு ஆள், பதில் இல்ல. மூச்சுக் கருவியோட மீட்புக்குழு வரணும்."

பட்டை அறுந்த ஆள் முகமூடியைக் கீழே போட்டுவிட்டு வாசலில் தலையை நுழைத்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடு டீச்சரு. அவன் உள்ள கீறான்."

"நீங்களும் போனா ரெண்டு பேரத் தூக்கணும்."

"நீ மன்ச்சியா? வுடு."

விடவில்லை. குழு வந்து சேரும்வரை வாசலுக்குக் குறுக்கே நின்றேன். அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை எழுத மாட்டேன்.

குழு உள்ளே இருந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. காற்றுக்குழாய் இணைப்பில் கழன்றிருந்தது. வாக்கியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்; விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு பம்புக்காரர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தாம்மா தட்டினேன்."

எனக்குப் புரியவில்லை.

"அவன் கை வேலையா இருப்பான். நீ வேற கூப்ட்டுகினே கீற. தோஸ்துக்குப் பதிலா ரெண்டு தட்டு தட்டினேன். அவன் பதில் குடுக்கலன்னா நீ பேஜார் பண்ணுவியே."

"எத்தன நாளா?"

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா?"

அவர் பம்பின் பக்கம் பார்த்தார். மடியில் இருந்த தாளை நான் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிக், கீழே என் கையெழுத்து. எங்கள் வீட்டில் எல்லாரும் கைநாட்டு வைத்த இடத்தில் நான் அழகாகப் போடும் கையெழுத்து. எந்த டிக் உள்ளே இருந்தவருடையது, எந்த டிக் வெளியே இருந்தவருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாள்கள் இன்னும் ஆபீஸ் ஃபைலில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பம்புக்காரர் பன் பாக்கெட்டோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"நீ கூப்ட்டது கேட்டுச்சு டீச்சரு" என்றார் படுத்திருந்தவர். குரல் இன்னும் சரியாக வரவில்லை. "மூச்சு வரலன்னு சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். உனுக்கு கேக்கல?"

ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுத்தினால் பலமாக வந்து சேரும் செட்தான் கேட்கும். அவருக்கும் எனக்கும் நடுவே இரும்புச் சுவர். பம்புக்கும் எனக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பம்புக்காரர் பன் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன்பிறகு தட்டு கிடையாது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஓர் எண் சொல்வேன். உள்ளே இருப்பவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்ணை முன்கூட்டி யாருக்கும் சொல்வதில்லை. "ஒண்ணாங்கிளாஸ்ல சேத்து வுட்டுச்சு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து திருவொற்றியூர்க்காரர் வேலைக்கு வந்தார். மறுபடி அதே மாதிரி ஒரு டாங்க்.

"உள்ளே, வாசல் பேசறேன். பதினேழு."

"பதினேழு" என்றார். கூட இருந்தவரும் சொன்னார்.

தாளில் குறிக்கப் பேனாவை எடுத்தேன். டக், டக்.

திரும்பிப் பார்த்தேன்; பம்புக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவருடைய வாக்கி எட்டாத தூரத்தில் டிரம்மின் மேல் கிடந்தது.

"யார் தட்டினது?" என்று கேட்டேன். சேனலில் யாரும் பேசவில்லை. இரண்டாம் முறையும் பேசவில்லை. எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன்.

"பக்கத்து யார்டு வாக்கி நம்ம சேனல்ல மாட்டியிருக்கும்மா" என்றார் சூப்பர்வைசர். "இதுக்குப் போய் வேலைய நிறுத்துவியா?"

"நிறுத்திட்டேன் சார்."

உள்ளேயிருந்து முதலில் திருவொற்றியூர்க்காரர்தான் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். கேலி ஒன்றும் இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் தட்டல டீச்சரு."

"தெரியும்."

மற்றவரும் வந்து சேர்ந்தார். என் வாக்கியை டிரம்மின் மேல் வைத்துவிட்டு, அது மறுபடி தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.