முதுகு காட்டும் கஸ்பர்

"அப்படியில்லீங்க வாத்தியாரே, குத்ரின் இப்படித்தான் நிப்பாரு" என்று சொல்லி, கஸ்பர் முதுகைத் திருப்பிக்கொண்டு வசனத்தைச் சுவருக்குச் சொல்கிறார். வசனப் புத்தகத்தோடு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிற எனக்கே பாதி கேட்கவில்லை. "பாக்க வர்றவங்களுக்கு எப்படிய்யா கேக்கும்?" என்றால், "பாக்க ஆள் வந்திருக்குன்னே நாம நெனைக்கப்படாதுங்க" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

பாவெல் குத்ரின் ஒரு ருஷ்ய நாடகக்காரர். எட்டு வருஷத்துக்கு முன், ஹட்டன் சந்தையில் வாங்கிய கருவாட்டைச் சுற்றியிருந்த சஞ்சிகைத் தாளில் அவருடைய வாழ்க்கை இருந்தது. மூன்று பக்கம்தான், நாலாவது யார் வீட்டுக் கருவாட்டோடு போனதோ! செருப்புத் தைப்பவரின் மகன். பதினொரு வருஷம் மேடையில் விளக்குப் பிடித்து, பிறகு அரசனாக நடித்தவர். யுத்தத்தில் லொறி மேல் நின்று சிப்பாய்களுக்கு நாடகம் போட்டவர். கடைசியில் சொந்தமாக நாடக மன்றம் நடத்தி, 'நடிக்காதே, வாழ்' என்று நடிகர்களின் உயிரை வாங்கியவர். அவர் இன்னும் இருக்கிறாரா என்பது கஸ்பருக்குத் தெரியாது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற இவர், எங்கள் தோட்டத்தில் அவரைச் சாகவிடுவதாக இல்லை.

எட்டு வருஷத்தில் இரண்டு நாடகம் மேடையேறியது. முதலாவதில் பசித்தவனாக வந்த அழகனை இரண்டு நாள் பட்டினி போட்டார். அழகன் முதல் வசனத்திலேயே மயங்கி விழுந்தான். அடுத்ததில் ஆண்டியப்பனுக்குக் கங்காணி வேஷம். "ஒரு கெழம, ஏழு நாளும், லயத்துல கங்காணியாவே இருங்க" என்று சொல்லிவைத்தார். அவனும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரையும் அதட்டிப் பார்த்தான். முதல் காட்சியிலேயே லயத்துக்காரர்கள் மேடையேறி அவனை மொத்திவிட்டார்கள்.

இரண்டும் பாதியில் நின்றன. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நாடகக் கொட்டகை. மூன்றாவது நாடகமும் முடியாவிட்டால் இனி அந்தக் கதவு திறக்காது என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேறு கூடம் கிடையாது. கஸ்பருக்கோ வேறு ஆசை கிடையாது.

புது நாடகம், அன்றைய வேலைக்கு ஆள் திரட்டும் விடியற்காலைப் பெரட்டில் தொடங்குகிறது. தப்படித்து ஆள் கூப்பிட வேண்டும். உள்ளே ஒரு தகரத்தைத் தட்டிக்கொள்ளலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "தகரம் தட்டுனா அது நடிப்புங்க" என்று முடித்துவிட்டார். தினமும் தப்படிக்கிற வீரய்யாவையே, அவர் தினமும் நின்று அடிக்கிற மேட்டிலேயே நிறுத்தினார்.

போன ஞாயிறு பிற்பகல். நாடகம் முடிந்ததா என்று துரையிடம் போய்ச் சொல்வதற்காகக் கணக்கப்பிள்ளை செல்லசாமி நாற்காலியில் அமர்ந்திருந்தார். தரையில் பெண்கள். "இந்தக் கூத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்று எட்டு வருஷமாகச் சொல்லிவந்த கஸ்பரின் மனைவி மரியநாயகியும் அன்று வந்திருந்தாள். வெளியே பனிமூட்டம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆறு நாள் மலையேறிய அசதியில் பலர் தூங்கி விழுந்தார்கள்.

திரை விலகியது. கஸ்பர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேட்டில் தப்பு முழங்கியது.

பெண்கள் எழுந்துவிட்டார்கள். யாரும் யோசித்து எழவில்லை. ஒருத்தி சேலையை இழுத்துச் செருகினாள். வேலாயி வாசல்வரை போய்விட்டாள். மரியநாயகியின் கை, இல்லாத கொழுந்துக் கூடைக்கயிற்றைத் தேடித் தலைக்குப் போனது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "போச்சு, எல்லாம் போச்சு" என்றேன். செல்லசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சலசலப்புக் கேட்டுக் கஸ்பர் திரும்பினார். மேடையில் அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். தலையில் நின்றுபோன மனைவியின் கையைப் பார்த்தார்.

"உக்காருங்க தாயி... எல்லாரும் உக்காருங்க. இன்னக்கி ஞாயித்துக்கெழம. பெரட்டு இல்லீங்க."

இரண்டு உள்ளங்கைகளையும் கீழே பார்க்க நீட்டி, அமர்த்துகிற மாதிரி மெல்ல அசைத்தார். மரியநாயகி உட்கார்ந்து, வேலாயி திரும்பி வந்து, கடைசியாகக் கணக்கப்பிள்ளையும் நாற்காலியில் உட்காரும்வரை அந்தக் கைகளை அவர் எடுக்கவே இல்லை.