தவறணைத் தகட்டில் எழுதிய தேதி

றக்வானைக்கு மேலே, பஸ் கடைசியாகத் திரும்பும் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், ஆண் பிள்ளை வேண்டும் என்பவர்கள் கோயிலுக்குப் போவதற்கு முன்பு மூக்கையாவிடம் போவார்கள். சாமி காத்திருக்கச் சொல்லும். மூக்கையா பத்து நிமிடத்தில் நாள் குறித்துக் கொடுத்துவிடுவார்.

அவர் வைத்தியர் அல்ல, குறி சொல்பவரும் அல்ல. தவறணை எனும் நாற்றுப் பண்ணையின் கங்காணி. தேயிலைக் கன்றுகள் வளர்க்கும் பந்தலின் கீழ் முப்பது வருடத்துக்கு மேல் குனிந்து நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத் துரை கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தாய்ச்செடியில் கொப்பை வெட்டி, ஓர் இலைக்கு ஒரு துண்டாக நறுக்கி, மண் நிரப்பிய பைகளில் நட்டு, செடியின் இலக்கமும் தேதியும் எழுதிய பிளாஸ்டிக் தகட்டைப் பாத்தியின் தலைமாட்டில் குத்தி வைப்பது அவருடைய வேலை. கொப்பின் நுனி பிஞ்சு, அழுகிப் போகும். அடி முற்றல், வேர் விடாது. நடுப்பகுதியில்தான் கன்று கிடைக்கும். எந்தத் துண்டு பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு விஷயத்தில் பெரும்பாலும் சரியாக இருக்கும் மனிதரிடம் மற்ற விஷயங்களையும் கேட்பது நம் வழக்கம். கேட்கப்பட்டவர் பதில் சொல்வதும் வழக்கம்தான்.

அவருக்கு மூன்று பெண்கள் பிறந்தார்கள்; நாலாவதாகத் தினேஷ் பிறந்தான். அந்த வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ, "எப்படிங்க கங்காணி, நாலாவதுல புடிச்சீங்க?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கங்காணியின் வாயில் அந்தச் சொல் எளிதில் வராது. "எல்லாம் கொப்பு மாதிரிதான். நுனியும் ஆகாது, அடியும் ஆகாது. நடுவுல புடிக்கணும்" என்றார்.

அன்றைக்கு அப்படித்தான் அந்த முறை தோட்டத்துக்குள் புகுந்தது. பெண்ணுக்கு மாதத்தில் நடுவில் வரும் மூன்று நாள். அதற்கு முன் ஒரு மாதம் ஆண் சாராயம் தொடக்கூடாது, முருங்கைக்கீரை சாப்பிட வேண்டும். பெண் பப்பாளி பக்கம் போகக்கூடாது. கணக்குப் பார்த்து, தவறணைத் தகடு ஒன்றில் தேதியை எழுதிக் கொடுப்பார். தகடு அந்த வீட்டுக் கலண்டர் ஆணியில் தொங்கும்.

இத்தனை வருடத்தில் இருபத்தாறு குடும்பங்களுக்குத் தகடு கொடுத்தார். பதின்மூன்று வீட்டில் ஆண் பிறந்தது. எந்த முறையும் இல்லாமல் பெற்றாலும் அந்த அளவுக்குத்தான் பிறந்திருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆண் பிறந்த பதின்மூன்றும் முறையின் வெற்றி. மற்றப் பதின்மூன்றுக்கும் காரணம் இருந்தது: ஒருத்தன் தேர் அன்றைக்கு அரைப் போத்தல் குடித்திருந்தான், ஒருத்தி தாய் வீட்டில் பப்பாளி சாப்பிட்டிருந்தாள். கேட்டுக் கேட்டுத் தோண்டினால் எந்த வீட்டிலும் ஒரு பிழை அகப்படத்தான் செய்யும். பிழை செய்தவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

முறையின் முதல் சாட்சியான தினேஷ் இரத்தினபுரியில் போன் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு ஒரு ஸ்பீக்கருடன் வந்து, லயத்து வீடுகளையெல்லாம் அதிரவைத்துவிட்டு, மறுநாள் போய்விடுவான். கூரைத் தகரம் மாற்றியது மூத்த பெண். அப்பாவைக் கண் சிகிச்சைக்குக் கூட்டிப் போனவள் இரண்டாவது பெண். இதையெல்லாம் மூக்கையா அறிவார்; அறிந்ததை அந்த முறையோடு சேர்த்து யோசித்ததில்லை.

மூன்றாவது மகள் விஜயகலா நிவித்திகலப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் கிருஷ்ணகுமாருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். வயது முப்பத்திநாலு. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் வயிற்றை வெட்டி எடுத்தவை. இரண்டாவது தடவை இரத்தம் நிற்காமல் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு பிள்ளை அவளுக்கு ஆபத்து என்று கிளினிக் தாதி நோனா தெளிவாகச் சொல்லியிருந்தாள். மாமியார் வெள்ளையம்மா அதைவிடத் தெளிவாக வேறொன்று சொல்லியிருந்தாள்.

சென்ற ஞாயிறு காலை விஜயகலாவும் கிருஷ்ணகுமாரும் ஒரு சீப்புக் கதலிப்பழத்துடன் வந்து மூக்கையா வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்தார்கள்.

"மாமா, இந்தத் தடவ நாளு குறிக்காம வீட்டுக்குள்ள வராதன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றான் கிருஷ்ணகுமார். "ஊருக்கெல்லாம் தகடு குடுக்குறீங்க. சொந்த மகளுக்கு ஒண்ணு இல்லியா?"

மூக்கையா மகளைப் பார்த்தார். கன்றின் இலையைப் பார்த்தே பழுது சொல்கிறவர். அவள் கண்ணின் கீழ் இமை வெளுத்திருந்தது.

"நோனா என்னா சொன்னாங்க?"

"அது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும், மாமா" என்று மருமகன் முந்திக்கொண்டான். "எபா, எபாம்பாங்க. வேணாங்கறதத் தவிர வேற பேச்சே தெரியாது."

"எல்லாருக்கும் இல்ல" என்றாள் விஜயகலா. "என் கார்டுலதான் செவப்புல எழுதியிருக்கு." பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஒண்ணு கேக்கவா? முறை தப்புனாத்தான் பொண்ணு பொறக்கும்னு சொல்றீங்க. நா பொறந்தப்ப என்னா தப்புனிச்சி?"

பதின்மூன்று வீட்டுக்குக் காரணம் கண்டுபிடித்தவர் இதற்கும் ஒரு பிழையைத் தேடினார். அந்த முறையை அவர் முதலில் தன் வீட்டில்தான் செய்து பார்த்தார், மூன்றாவது பிள்ளைக்கு. ஒரு மாதம் சாராயம் தொடவில்லை. நாள் பிசகவில்லை. லயத்தைச் சுற்றி நின்ற முருங்கை மொட்டையானது.

"ஒண்ணும் தப்பல" என்றார் மெதுவாக. "உனக்குத்தான் எல்லாம் சரியா பாத்தேன்."

"தினேசுக்கு?"

"அவனுக்கு எதுவும் பாக்கல."

"பாக்குற நெலமையிலயா இருந்தாரு?" குசினியிலிருந்து கருப்பாயியின் குரல் வந்தது. நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள். "சம்பளத்தன்னைக்கு ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து இந்த இஸ்தோப்புலதான் போட்டுட்டுப் போனாங்க. கங்காணியாரு முறை!"

அந்த முறையைப் பற்றி முப்பது வருடத்தில் மூக்கையா உண்மை சொன்னது அதுவே முதல் தடவை. கிருஷ்ணகுமார் சிரித்தான். பிறகு முகம் சுருங்கியது.

"குடுக்க விருப்பமில்லன்னா நேரா சொல்லுங்க மாமா. அத்தையும் சேந்து நாடகம் ஆட வேணாம். ஊருல பதிமூணு ஆம்புளப் புள்ளைங்க ஓடித் திரியுது. அதெல்லாம் பொய்யா?"

பொய் இல்லைதான். பிள்ளைகள் உண்மையிலேயே ஓடித் திரிந்தார்கள். உண்மையை நம்பவைக்க மூக்கையாவிடம் எந்தச் சாட்சியும் இல்லை. பொய்க்குப் பதின்மூன்று சாட்சிகள் இருந்தன. அவர் எழுந்து உள்ளே போய் ஒரு தகட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தார்.

"சரி மருமகனே. ஒளிச்சுத்தான் பேசுனேன், இப்ப சொல்றேன். ரெண்டு தடவ கொப்பு வெட்டுன தாய்ச்செடிய என்னா செய்வோம்?"

"ஆறப் போடுவீங்க."

"ஆறப் போடாம வெட்டுனா?"

"பழுதாப் போகும்."

"அதான். இவளுக்கு இப்ப நாளு வச்சா மூணாவதும் பொண்ணுதான். ஏழு வருசம் ஆறணும். ஒரு நாளு கொறைஞ்சாலும் நா பொறுப்பில்ல."

கிருஷ்ணகுமாரின் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா, இதத்தான் கேக்க வந்தேன்! வெவரமா சொன்னா அம்மாவுக்கும் வெளங்கும்." தகட்டை வாங்கிப் படித்தான்: 2032, சித்திரை 17. கிளினிக் கார்டுக்கு ஒரு நாளும் காட்டாத மரியாதையோடு அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

இதை நல்ல காரியம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பதின்மூன்று வீட்டில் பெண்ணைப் பிழையாக்கிய அதே வாய்தான் இதையும் சொன்னது. தாயைச் செடியாக வைத்துத்தான் சொன்னது. மகள் உயிரோடு இருப்பாள் என்பதைத் தவிர இதில் பாராட்ட ஒன்றும் இல்லை. அது சிறிய விஷயமும் இல்லை.

பதினொரு மணி பஸ்ஸுக்கு மூவரும் இறங்கி நடந்தார்கள். கிருஷ்ணகுமார் முன்னால் போனான். எதிரே வந்த ஒருவனிடம் ஏழு வருடக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தான். விஜயகலா தகப்பனோடு பின்னால் வந்தாள்.

"நாளைக்கு நோனாகிட்ட போயி புள்ள தங்காத ஊசி போட்டுக்கிறேன்ப்பா. மூணு மாசத்துக்கு ஒண்ணு. அவருக்குச் சொல்ல வேணாம்."

"போட்டுக்க."

பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. அவள் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறத் தயாரானாள். பிறகு, திடீரென்று நினைவு வந்தவள் போலச் சிரித்தாள்.

"அப்ப நம்ம வீட்டுல ஒங்க முறைப்படி பொறந்தது நா ஒருத்திதானா?"

பஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. மூக்கையா மேடேறி வீட்டுக்குத் திரும்பியபோது இஸ்தோப்பில் ஒரு புதிய ஜோடி உட்கார்ந்திருந்தது. கருப்பாயி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். மூக்கையா அவர்களைப் பார்த்தார். உள்ளே தகடுகள் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"தகடு முடிஞ்சி போச்சு" என்றார். "போயி நோனாவப் பாருங்க."

அவர்கள் எழுந்திருக்கவில்லை. கங்காணி பெரியவர், ஒரே பேச்சில் கொடுத்துவிட மாட்டார் என்று அவர்களுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.