நான் போட்ட டிரைவர்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போனை எடுத்ததும், "யாராவது கண்டதை டவுன்லோடு பண்ணீங்களா?" என்று கேட்டுவிடுவோம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டில் நான் அப்படிக் கேட்டது ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது.

அந்த வீட்டு மருமகள் புடவைக் கரைக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். வரைந்துகொண்டிருக்கும்போதே நீலத்திரை வந்து எல்லாம் நின்றுவிடும். சேமிக்காத வேலை போய்விடும். போனில் நான் கேட்டதை அவருடைய மாமனார் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. நான் நேரில் போனபோது, "இந்தப் பொண்ணு எதையோ நோண்டிக்கினே இருக்குதுபா. இனிமே டிசைன் வேலைய ஐயம்பேட்டை ஆளுகிட்ட குடுத்துடப் போறேன்" என்றார். மருமகள் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். வோல்டேஜ் பார்த்தேன். வைரஸ் தேடினேன். ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் தறி ஓடுகிற அதிர்வாக இருக்குமோ என்றுகூட ஓர் அபிப்பிராயம் சொன்னேன். விஷயம் தெரியாதபோது என் வாய் இப்படித்தான் நீளும்.

அப்போது மருமகள் ஒரு கிராஃப் தாளை நீட்டினார். அதன் ஓரத்தில், மெஷின் நின்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கித் தேதி போட்டிருந்தார்.

"மொத கட்டத்தப் பாருங்கண்ணா. நீங்க வைஃபை மாட்டிட்டுப் போன மறுநாளு. அதுக்கு முன்னாடி ஒரு தடவகூட இப்படி ஆனதில்ல."

அடக் கடவுளே! டிசைனை மெயிலில் அனுப்ப வசதியாக ஒரு குட்டி வைஃபை கருவியை நான்தான் செருகியிருந்தேன். அந்தக் கருவியை இயக்குவதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்கு உரியது அன்று கையில் இல்லை. வேறு மாடலுடையது என் பென்டிரைவில் இருந்தது. போட்டதும் நெட் வந்ததே என்று அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன். இப்போது நீலத்திரைப் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் அந்த டிரைவரின் பெயர்தான். முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதை நீக்கிவிட்டுச் சரியானதைத் தேடிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், நிற்கவில்லை. மாமனாரிடம், "தப்பு என்னுதுதாங்க. நான் போட்ட டிரைவர்" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல மனசுபா உனக்கு. இந்தப் பொண்ண உட்டுக்குடுக்காம பேசுற."

எனக்குச் சுருக்கென்றது. பேசிப் பயனில்லை. பழைய டிரைவரையே மறுபடி போட்டேன். மருமகளைக் கதவோரம் நிற்கச் சொன்னேன். மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்து, எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு டிசைனை மெயிலில் ஏற்றினேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது நிமிடம் நீலத்திரை வந்தது.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து நாற்காலியை மருமகள் பக்கம் தள்ளி, "நீ உக்காரும்மா" என்றார்.

மருமகள் உட்காரவில்லை.

"மொதல்ல அந்த சரியான டிரைவரப் போடச் சொல்லுங்க மாமா. இந்தவாட்டி அவர் போடறப்ப நான் நின்னு பாத்துக்கினு இருக்கேன்."