அன்சார் மச்சானும் நாலு சக்கரமும்

லேத் மெசினில் வட்டமான இரும்புத் தட்டொன்றைக் கடைந்துகொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. அன்சாரின் எண். "இந்தா முடியுது, கொஞ்சம் பொறு மனிசா" என்று சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன். பேசியது அவருடைய மகள் ஷிஃபா. "மாமா, வாப்பா மௌத்தாயிட்டார்" என்றாள். சுபஹுத் தொழுகை முடித்து வந்தவர், நெஞ்சு நோகுது என்று சாய்ந்தாராம். பிறகு எழும்பவில்லை. மெசின் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தட்டு அவருடைய காருக்காகக் கடைந்தது.

மருதமுனைக் கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் மக்கர் பண்ணி, அதைத் திருத்த அன்சாரிடம் போகாதவர்கள் குறைவு. எஞ்சின் பாகம் ஏதும் கடைய வேண்டுமென்றால் பாண்டிருப்பில் இருக்கும் என்னிடம் வருவார். அப்படித்தான் எங்கள் பழக்கம். பெரிய குரல், சிரித்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஒன்றைப் பிடித்தால் விடவேமாட்டார். அந்தக் குணத்தால் எனக்கு எத்தனை நாள் சோறு ஆறிப்போயிருக்கிறது என்று என் வீட்டுக்காரியைக் கேளுங்கள்.

அவருடைய காரை, அந்தப் பக்கம் போய்வந்த உங்களில் பலர் தள்ளியிருப்பீர்கள். கொழும்பில் மோதுண்டு கிடந்த பழைய ஜப்பான் ஸ்போட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். வயிறு நிலத்தில் முட்டும். எஞ்சினின் பலமெல்லாம் பின் சக்கரங்களுக்கு மட்டுந்தான் போகும். அதை ஆசைப்பட்டு வாங்கித் திருத்திக்கொண்டு வந்தார். ஆனால் அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுவதும் கடல் மணல். பின் சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றித் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டும். அஸர் தொழப் போகிறவர்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒண்டு, ரெண்டு, தள்ளு!" என்று தள்ளிவிட்டுப் போவார்கள். பல வருசமாக அந்த ஒழுங்கையின் பின்நேரச் சத்தம் அதுதான். "மாட்டு வண்டில் வாங்கியிருந்தா மாடாவது இழுத்திரிக்கும்" என்பார் அவருடைய மனைவி ஜனூபா ராத்தா.

நானும் விற்கச் சொன்னேன். ஒரு பழைய ஜீப்பை வாங்கிவிட்டுப் பேசாமல் இருங்கள் என்றேன். "நீ உன்ட லேத்த விப்பியா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான், றோட்டு ஊர்ட. கார் என்ட. என்டதத்தானே நான் மாத்தலாம்?" என்றார். பின் சக்கரத்தில் ஓடும் காரை நாலு சக்கரமும் இழுக்கும் காராக மாற்றப் போகிறாராம். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

ஷிஃபாவின் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அது வெறும் விளையாட்டில்லை என்று விளங்கியது. மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வருவதுதான் அவர்களுடைய வழக்கம். அந்த ஒழுங்கைக்கு வந்த மாப்பிள்ளைமார் எல்லாரும் பெரிய வீதியில் காரை விட்டிறங்கி, சப்பாத்து நிறைய மணலோடு வாசலுக்கு வந்தவர்கள். "என்ட மாப்பிள்ளையும் சப்பாத்தத் தட்டித் தட்டித்தான் வருவாரா வாப்பா?" என்று அவள் பகிடியாகக் கேட்டிருக்கிறாள். இவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. "உன்ட மாப்பிள்ளை என்ட கார்ல வாசல்ல வந்து இறங்குவார். ஒருத்தனும் தள்ளமாட்டான்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். நானும் மாட்டிக்கொண்டேன்.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வான் ஒன்றை உடைத்து அதன் உறுப்புகளை எடுத்தோம். எஞ்சினைச் சற்று உயர்த்தினோம். அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியை வெட்டி ஒட்டி, முன்னுக்கு ஒரு தண்டு போக வழி எடுத்தோம். முன் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சல் பெட்டியில்தான் சிக்கல் வந்தது. தண்டு இடப்பக்கமாக வந்தது, பெட்டியின் வாய் வலப்பக்கம் கிடந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, அன்சார் பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். வாய் இடப்பக்கம் வந்து தண்டோடு அச்சொட்டாகப் பொருந்தியது. "பாத்தியா!" என்று துள்ளினார். அப்படியே வைத்துப் பூட்டுவதற்குக் கனத்த இரும்பில் ஒரு தாங்கி செய்து கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஓடிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. முதலில் ஜாக்கியில் ஏற்றி முன் சக்கரங்களைச் சுற்றவிட்டுப் பார்ப்போம் என்றேன். அதற்குள் மௌலவி வந்து துஆ ஓதிவிட்டார், ராத்தா அவித்த வட்டிலப்பமும் ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. "துஆவும் ஓதி வட்டிலப்பமும் பங்கு வெச்ச பிறகு ஜாக்கி வெக்கிறதா? சனம் என்ன நினைக்கும்?" என்று அன்சார் என்னை அடக்கிவிட்டார். கடற்கரை வரைக்கும் வழமைபோலப் பின் சக்கரத்தில் தள்ளுப்பட்டுப் போய், அங்கே முன்பக்கத்தையும் சேர்த்துக் கியர் போட்டார். பின் சக்கரம் முன்னுக்குச் சுற்றியது. முன் சக்கரம் பின்னுக்குச் சுற்றியது! இரண்டும் மல்லுக்கட்டியதில் கார் நின்ற இடத்திலேயே மணலைத் தோண்டி வயிறு வரை இறங்கியது. கடைசியில் கரைவலை இழுக்கிறவர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். "இண்டைக்கு மீன் படாட்டியும் அன்சார் காக்காட கார் பட்டிட்டு" என்றார் ஒருவர்.

அன்சார் மணலில் குப்புறப் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பெட்டியக் கவிட்டா ஓட்டமும் கவிழும் எண்டு விளங்கல்லியே மச்சான்!" மனிசன் ஒரு கிழமைக்கு முகம் காட்டமாட்டார் என்று நினைத்தேன். அன்று பின்நேரமே சாவிக்கட்டோடு என் பட்டறையில் வந்து நின்றார். "இனிச் சுத்துதா எண்டு மட்டும் பாக்கிறல்ல. எந்தப் பக்கம் சுத்துது எண்டும் பாக்கிற" என்றார். இந்தச் சொல்லை இப்போது என் பட்டறையில் எல்லாரும் சொல்கிறார்கள்.

அந்த மாதம் முழுக்கப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, தண்டை வலப்பக்கமாக இறக்கும் வேறொரு கியர்ப் பெட்டியைக் கண்டுபிடித்தார். டிபரன்சலை நிமிர்த்திப் பூட்டினோம். கியர்ப் பெட்டியையும் தண்டையும் இணைக்க ஒரு தட்டு மட்டும் மிச்சம். ஷிஃபாவின் அழைப்பு வந்தபோது நான் கடைந்தது அதைத்தான்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். காரைத் தள்ளிய அதே ஆட்கள்தான் அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். அதே மணல். மதிலோரம் சாய்ந்து நின்று நான் வாய்விட்டு அழுதேன்.

கல்யாணத்துக்கு அதிக நாள் இருக்கவில்லை. ஆரவாரமில்லாமல் நிக்காஹ்வை மட்டும் செய்வதென்று பேசினார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நடந்தே வருகிறேன் என்றாராம். ஷிஃபா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, கார் முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க." முடியும் என்றேன். அன்றைக்கே தட்டைக் கடைந்து முடித்தேன். இந்த முறை ஜாக்கியில் ஏற்றி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் இறக்கினேன்.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி நானே ஓட்டிப் போனேன். ஒழுங்கை வாயிலில் ஆட்கள் பழக்கதோசத்தில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "ஒருத்தரும் தொடாதீங்கோ!" என்று கத்தினேன். வழமையாகப் புதையும் இடத்தில் கார் ஒருமுறை குலுங்கியது, நான் மிதியை விடவில்லை. பிறகு முன் சக்கரங்கள் மணலைப் பிடித்து இழுத்தன. வாசலில் போய்த்தான் நின்றேன். மாப்பிள்ளையின் சப்பாத்தில் மணல் இல்லை.

கணவரை இழந்த ராத்தா இத்தாவில் இருந்ததால் வெளியே வரவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, 'தள்ளு' எண்ட சத்தம் கேக்கல்லியே. கார் வந்திட்டா?"

"ஓம் ராத்தா. வாசல்ல நிக்குது. ஒருத்தரும் தொடல்ல."

கார் ஷிஃபாவுக்கு. தலைகீழாகப் பூட்டுவதற்குச் செய்த அந்தத் தாங்கியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். லேத்துக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எதையாவது கொண்டுவந்து, இது ஏலாத வேலை என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு அதைக் காட்டுகிறேன். அன்சாருக்கும் முதல் தரம் ஏலாமல்தான் போனது என்கிறேன். பிறகு மெசினைப் போடுகிறேன்.